பாகத்தில் அடித்த எண்ணும் பில் புக்கும்: ஐ.நா. நிபுணர் குழு கேட்டால் காட்டவேண்டியவை

ஓசூர் சிப்காட்டில் கணினியில் இயங்கும் சி.என்.சி. இயந்திரம் வைத்திருப்பவர், காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலை நடத்துபவர், கிருஷ்ணகிரியில் கிரானைட் அறுப்பவர் என முதல் வெளிநாட்டு ஆர்டரைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. ஐ.இ.சி. (ஏற்றுமதி, இறக்குமதிக்கான பதிவு எண்) எப்படி எடுப்பது, ஷிப்பிங் பில் (சுங்கத்தில் கொடுக்கும் ஏற்றுமதித் தாள்) எப்படிப் போடுவது என்று சொல்லித்தர ஊரில் ஆள் உண்டு. சரக்கு போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, "இந்தப் படத்தில் இருக்கும் பாகம் உங்களுடையதா? முதலில் யாருக்கு விற்றீர்கள்?" என்று நியூயார்க்கிலிருந்து கடிதம் வந்தால் என்ன செய்வது என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை.

அப்படிக் கேட்பது பெரும்பாலும் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் ஏதாவது ஒரு நிபுணர் குழு. யேமன், லிபியா, சூடான், தென் சூடான், காங்கோ என்று தடை உள்ள இடங்களுக்குத் தனித்தனிக் குழு. ஒவ்வொன்றிலும் ஆயுதம், பணப் பரிமாற்றம், அந்த வட்டாரம் எனத் துறைக்கு ஒருவராக ஒரு சிலர்தான். பெரும்பாலும் ஓராண்டை ஒட்டிய பணிக்காலம், கவுன்சில் நீட்டித்தால் தொடரும். சோதனை போடவோ சம்மன் அனுப்பவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. கைப்பற்றிய பொருளில் இருக்கும் எண்ணைப் படம் பிடித்து, தயாரித்தவரைக் கேட்டு, அவர் சொன்ன முதல் பார்ட்டியைக் கேட்டு, அவர் சொன்ன அடுத்தவரைக் கேட்டு, எந்த இடத்தில் பதில் நிற்கிறதோ அந்த இடத்தை அறிக்கையில் எழுதுவார்கள். வேலையின் பெரும்பகுதி அவ்வளவுதான். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி உங்கள் பில் புக். அவர்கள் கேட்கப்போகும் கேள்வியை இன்றே மனதில் வைத்துக் காகிதத்தை அடுக்கினால், கடிதம் வரும்போது இரண்டு நாள் வேலை. இல்லாவிட்டால் பழைய ஆட்களைத் தேடி மூன்று மாதம் அலைச்சல்.

1. எந்தத் தடை உங்களைக் கட்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாரும் குழம்பும் இடம் இது. பாதுகாப்பு கவுன்சில் விதிக்கும் தடை இந்தியாவைக் கட்டும். 1947ஆம் ஆண்டின் ஐ.நா. (பாதுகாப்பு கவுன்சில்) சட்டத்தின் கீழ் வெளியுறவு அமைச்சகம் ஆணை பிறப்பிக்கும். வெளிநாட்டு வணிகக் கொள்கையிலும் அவை தனிப் பத்திகளாக வரும். வட கொரியாவுக்கு என்னென்ன போகக்கூடாது என்பதிலிருந்து சோமாலியாவின் மரக்கரியை இறக்குமதி செய்யக்கூடாது என்பதுவரை அதில் இருக்கிறது.

அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தனியாகப் போடும் தடை வேறு. இந்தியச் சட்டப்படி அது உங்களைக் கட்டாது. ஆனால் டாலரிலோ யூரோவிலோ பணம் வரவேண்டும் என்றால் வங்கியைக் கட்டும், வங்கி உங்களைக் கட்டும். 2024 அக்டோபர் 30 அன்று ரஷ்யா தொடர்பாக அமெரிக்கா அறிவித்த பட்டியலில் இந்திய நிறுவனங்கள் 19 இருந்தன. ரஷ்யா விஷயத்தில் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், ஜப்பான் சேர்ந்து 50 எச்.எஸ். குறியீடுகளை (சரக்கு வகைக்கு உலகம் முழுக்கப் பொதுவான எண்) தனியாகக் கவனிக்கின்றன. பால் பேரிங்கின் 8482.10 அதில் உண்டு, சி.என்.சி. மெஷினிங் சென்டரின் 8457.10 அதில் உண்டு. ஓசூரில் இந்த இரண்டு எண்ணையும் இன்வாய்ஸில் போடாத தெரு குறைவு.

இன்னொரு பொறி: "குழுவே போய்விட்டது, அதனால் தடையும் போய்விட்டது" என்று பார்ட்டி சொல்வது. வட கொரியாவைக் கண்காணித்த குழு, ரஷ்யாவின் ரத்து அதிகாரத்தால் 2024 ஏப்ரல் 30 அன்று முடிந்தது. தடை அப்படியே இருக்கிறது. கண்காணிப்பையும் 11 நாடுகள் சேர்ந்து வேறொரு குழு அமைத்துத் தொடர்கின்றன. ஈரான் மீது தளர்த்தப்பட்ட ஐ.நா. தடைகள் 2025 செப்டம்பர் கடைசியில் திரும்ப வந்தன. அதனால் போன வருடம் அச்சடித்து வைத்த பட்டியலை நம்பி இந்த வருடம் கொட்டேஷன் கொடுக்காதீர்கள்.

2. உங்கள் பொருள் ஸ்கோமெட் பட்டியலில் இருக்கிறதா?

இந்தியாவில் ராணுவப் பயன்பாடும் சாதாரணப் பயன்பாடும் உள்ள பொருள்களுக்கு ஸ்கோமெட் என்று ஒரு பட்டியல். ஏற்றுமதி அட்டவணையின் 3ஆம் பின்னிணைப்பில் இருக்கிறது, டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம்) தளத்தில் இலவசமாக இறக்கலாம். பிரிவு 6 நேரடி ராணுவப் பொருள்கள், அதற்கு உரிமம் தருவது பாதுகாப்பு உற்பத்தித் துறை. பிரிவு 0 அணுசக்தித் துறை. மற்றவை பெரும்பாலும் டி.ஜி.எஃப்.டி. நம் பகுதிப் பட்டறைகள் வரிவரியாகப் படிக்கவேண்டியது பிரிவு 8. உலோக வேலை இயந்திரங்கள், உயர் துல்லிய பேரிங், சிறப்பு உலோகங்கள், சென்சார், விமான பாகங்கள் அங்கேதான்.

படிக்கும்போது எச்.எஸ். குறியீட்டை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். ஸ்கோமெட் பார்ப்பது தொழில்நுட்ப அளவை: எத்தனை அச்சு ஒரே நேரத்தில் ஓடும், எத்தனை மைக்ரான் துல்லியம், எந்த உலோகம். ஒரே 8457.10க்குள் உரிமம் வேண்டிய இயந்திரமும் இருக்கும், வேண்டாத இயந்திரமும் இருக்கும். மெஷின் கேட்லாகை வைத்துக்கொண்டு உங்கள் தொழில்நுட்ப ஆள் ஒரு பக்கம் எழுதட்டும்: "இந்தப் பதிவின் இந்த அளவு எங்கள் பொருளுக்கு இவ்வளவு, ஆகவே வரும் அல்லது வராது." கையெழுத்து, தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள். பிற்பாடு யார் கேட்டாலும் முதலில் நீட்டவேண்டிய தாள் இது.

டிராயிங்கும் சரக்குதான். பட்டியலில் உள்ள பொருளின் தொழில்நுட்பத்தை மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதிக் கணக்கில் வரும். "வெறும் டிராயிங் ஃபைல்தானே, அனுப்பிவிடு" என்று மாலை ஆறு மணிக்கு டிசைன் பையனிடம் சொல்லும் முன் யோசியுங்கள்.

பொருள் பட்டியலில் இல்லாவிட்டாலும், பேரழிவு ஆயுதத்துக்கோ அதைச் சுமக்கும் ஏவுகணைக்கோ போகிறது என்று தெரிந்தாலோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தாலோ அனுப்பக்கூடாது. 2005ஆம் ஆண்டின் பேரழிவு ஆயுதச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வெளிநாட்டு வணிகச் சட்டத்தை மீறினால் குறைந்தது 10,000 ரூபாயிலிருந்து சரக்கு மதிப்பின் ஐந்து மடங்குவரை அபராதம். ஐந்து மடங்கு என்றால் சின்னப் பட்டறைக்கு ஷட்டரை இழுத்துவிடும் தொகை.

மாங்கூழ், கிரானைட் வைத்திருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். அடுத்ததைத் தாண்ட முடியாது. குவாரிக்கு வெடிமருந்து வாங்குபவர்கள் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐ.எஸ். அமைப்பின் வெடிகுண்டுகளில் இருந்த பாகங்கள் எங்கிருந்து வந்தன என்று கான்ஃப்ளிக்ட் ஆர்மமென்ட் ரிசர்ச் என்ற தனியார் ஆய்வு அமைப்பு தேடி, 2016 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. 20 நாடுகளைச் சேர்ந்த 51 நிறுவனங்கள் வந்தன. டெட்டனேட்டர், வெடிதிரி, சேஃப்டி ஃப்யூஸ் ஆகியவற்றில் பெரும்பகுதி 7 இந்திய நிறுவனங்களின் தயாரிப்பு. அத்தனையும் உரிமத்தோடு, சட்டப்படி, லெபனானுக்கும் துருக்கிக்கும் போனவை. அதற்கு அப்புறம்தான் கை மாறியது. குவாரியில் பெட்டி எண்ணைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி அதிகாரிகள் உயிரை எடுப்பது ஏன் என்று இதைப் படித்தால் புரியும்.

3. பார்ட்டியின் பெயரைத் தேடுங்கள், தேடியதற்குச் சாட்சி வையுங்கள்

பாதுகாப்பு கவுன்சிலின் ஒருங்கிணைந்த பட்டியல் ஐ.நா. தளத்தில் இலவசம். பெயரைப் போட்டுத் தேடலாம், முழுப் பட்டியலையும் இறக்கலாம். தேடவேண்டிய பெயர்கள் பார்ட்டி மட்டும் இல்லை. கீழே உள்ள அத்தனையும்:

வாங்கும் நிறுவனம், அதன் முதலாளிகளும் இயக்குநர்களும், சரக்கைப் பெறுபவர், 'நோட்டிஃபை பார்ட்டி' (சரக்கு வந்ததும் தகவல் சொல்லவேண்டியவர்), இறுதியில் பயன்படுத்துபவர், பணம் அனுப்பும் நிறுவனம், பணம் அனுப்பும் வங்கி, கப்பல், கப்பலின் உரிமையாளர்.

பொறி எழுத்துக் கூட்டலில் இருக்கிறது. முகமது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் பத்து விதமாக எழுதுவார்கள். நம் ஊரிலேயே இனிஷியல் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்று பாஸ்போர்ட்டுக்கும் ஆதாருக்கும் சண்டை நடக்கிறது. பட்டியலில் ஒவ்வொரு பதிவிலும் மாற்றுப் பெயர்கள், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், முகவரி இருக்கும். ஆகவே தேடும்போது பெயரின் ஒரு துண்டை மட்டும் போட்டு நிறைய வரவழையுங்கள். வந்ததில் பிறந்த தேதியையும் ஊரையும் வைத்துக் கழியுங்கள். முழுப் பெயரை அப்படியே போட்டு "ஒன்றும் வரவில்லை" என்று திருப்திப்படுவது தேடாததற்குச் சமம். பெயர் ஒத்து வந்து ஆள் வேறு என்று தெரிந்தால், எதை வைத்து வேறு என்று முடிவு செய்தீர்கள் என்பதை ஒரு வரி எழுதி வையுங்கள்.

தேடல் பக்கத்தைத் தேதி தெரிய பி.டி.எஃப். ஆக்கிச் சேமியுங்கள். மூன்று முறை செய்யுங்கள்: கொட்டேஷன் கொடுக்கும்போது, அட்வான்ஸ் வரும்போது, கன்டெய்னர் கிளம்பும் அன்று. பட்டியல் இடையில் மாறும். ஒரு தடவைக்கு இருபது நிமிடம், செலவு பூஜ்யம். டாலர் வியாபாரம் என்றால் அமெரிக்கக் கருவூலத்தின் தடைப் பட்டியலையும் கூடவே பாருங்கள். அங்கே பெயர் இல்லாத நிறுவனமும் மாட்டும். தடை செய்யப்பட்டவர்கள் கையில் 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால், அந்த நிறுவனமும் தடைக்குள்தான்.

பெயரில் சிக்காததை நடத்தையில் பிடிக்கலாம். நிபுணர் குழுக்களின் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் அடையாளங்கள் இவை. நிறுவனம் பதிவாகிச் சில வாரம்தான் ஆகியிருக்கும். முகவரி ஃப்ரீ சோனில் (வரிச்சலுகை வணிக வளாகத்தில்) ஒரு தபால் பெட்டி. ஆர்டர் ஒரு நாட்டிலிருந்து, பணம் இன்னொரு நாட்டிலிருந்து, சரக்கு மூன்றாவது நாட்டுக்கு. விலை பேரமே பேசமாட்டார்கள். இயந்திரம் வாங்குவார்கள், ஆனால் நிறுவித் தரவேண்டாம், பயிற்சி வேண்டாம், வாரண்டியும் வேண்டாம் என்பார்கள். நாற்பது லட்ச ரூபாய் இயந்திரத்துக்கு வாரண்டி வேண்டாம் என்பவரைத் தர்மபுரி சந்தையில் பார்த்திருக்கிறீர்களா? சரக்கைப் பெறுபவர் இடத்தில் ஃபார்வர்டரின் (சரக்கை அனுப்பிவைக்கும் ஏஜெண்டின்) பெயர் இருந்தாலும் நின்று கேளுங்கள்.

4. இறுதிப் பயன்பாட்டுச் சான்று

எதற்காக, எங்கே, யார் பயன்படுத்தப்போகிறார்கள் என்று பயன்படுத்துபவரே எழுதிக் கொடுக்கும் தாள் இது. ஸ்கோமெட் உரிமத்துக்குக் கட்டாயம். இடையில் தரகரோ வாங்கி விற்பவரோ இருந்தால் அவர்களிடமிருந்தும் வாங்கவேண்டும். பட்டியலில் இல்லாத பொருளுக்கும், பேரிங், பம்ப், மோட்டார், வால்வு, எலெக்ட்ரானிக்ஸ் என்றால், வாங்கிவிடுங்கள்.

தாளில் இருக்கவேண்டியவை: பயன்படுத்தும் நிறுவனத்தின் லெட்டர்ஹெட், முழு முகவரி, தொழிற்சாலை இருக்கும் இடம், பொருளின் பெயர், மாடல், எண்ணிக்கை, உங்கள் இன்வாய்ஸ் அல்லது ஆர்டர் எண், பயன்பாடு ("தொழில்துறைப் பயன்பாடு" என்ற இரண்டு சொல் போதாது; எந்த ஆலையில் எந்த இயந்திரத்தில் என்று வேண்டும்), மூன்றாம் நபருக்கு அனுமதியில்லாமல் கைமாற்றமாட்டோம் என்ற உறுதி, கையெழுத்துப் போட்டவரின் பெயர், பதவி, தேதி.

வாங்கிய தாளைச் சரிபார்க்காமல் வைத்திருப்பதுதான் பெரிய தவறு. போலிச் சான்று நிபுணர் குழுக்களுக்குப் பழகிய சரக்கு. அதிலுள்ள தொலைபேசி எண்ணுக்கு அடிக்காதீர்கள். நிறுவனத்தின் பொது எண்ணைத் தனியாகத் தேடி எடுத்துப் பேசுங்கள். எண்ணிக்கையையும் பாருங்கள். பத்துப் பம்ப் ஓடும் ஆலைக்கு நானூறு சீல் செட் எதற்கு?

5. எண் அடியுங்கள், எண்ணைப் புத்தகத்தோடு இணைத்துவையுங்கள்

கையில் இருக்கும் நேரத்தில் பாதியை இந்தப் படிக்குக் கொடுங்கள். காரணம் எளிது. குழு உங்களிடம் கொண்டுவருவது பொருளை இல்லை, பொருளின் படத்தை. படத்தில் தெரிவது எண் ஒன்றுதான்.

யேமன் நிபுணர் குழுவின் 2018 ஜனவரி அறிக்கை அங்குள்ள ஹூதி கிளர்ச்சிப் படையின் ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் பிரித்துப் பார்த்து எழுதப்பட்டது. இப்படிப் பிரிக்கும்போது உள்ளே கிடைப்பதில் பல, கடையில் யாரும் வாங்கக்கூடிய எஞ்சின், மோட்டார், மின்னணுப் பாகங்கள். தயாரித்தவர் எங்கோ ஒரு மூலையில் ஒழுங்காக வியாபாரம் செய்பவர். அவரிடம் எண் கணக்கு இருந்தால் தேடல் ஒரே தாவலில் முதல் வாங்குநருக்குப் போய்விடும். இல்லாவிட்டால் சந்தேகம் அவர் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும்.

செய்யவேண்டியது இது. விலை அதிகமான பொருளுக்கு ஒவ்வொன்றிலும் தனி எண். சின்னப் பாகம் என்றால் லாட் எண்ணும் ஹீட் நம்பரும் (உலோகத்தை உருக்கிய தொகுதியின் எண்). லேசரோ டாட் பின் மார்க்கிங்கோ, உலோகத்தில் இறங்கவேண்டும். ஒட்டுச் சீட்டு முதல் வாரத்திலேயே போய்விடும். கிரைண்டரால் தேய்த்தால் அழிகிற இடத்தில் மட்டும் அடிக்காதீர்கள். உள் முகத்தில் இரண்டாவதாக ஓரிடத்தில் அடியுங்கள். எண்ணைத் தேய்த்து எடுத்துவிட்டு அனுப்புவது கடத்தல்காரர்களின் வழக்கம். இரண்டாவது இடம் அவர்களுக்குத் தெரியாது.

பிறகு ஒரு பதிவேடு. எக்செல் போதும். ஒரு வரியில்: எண் அல்லது லாட், தயாரித்த தேதி, டிராயிங் எண்ணும் திருத்த எண்ணும், பெட்டி எண், இன்வாய்ஸ் எண், ஷிப்பிங் பில் எண், பி.எல். (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) எண், பார்ட்டி. பெரும்பாலான பட்டறைகளில் இந்தத் தகவல் எல்லாம் இருக்கிறது, ஆனால் நாலு இடத்தில் இருக்கிறது. எண் தரக்கட்டுப்பாட்டு ஆளின் நோட்டில், பெட்டி பேக்கிங் செக்‌ஷனில், இன்வாய்ஸ் டேலியில், பி.எல். கஸ்டம்ஸ் ஏஜெண்டின் வாட்ஸ்ஆப்பில். ஆள் வேலையை விட்டுப் போனால் சங்கிலி அறுந்தது. பேக்கிங் லிஸ்டில் "40 நம்பர்" என்று எண்ணிக்கை மட்டும் போடும் பழக்கத்தை விடுங்கள். "எண் 2210 முதல் 2249 வரை" என்று போடுங்கள். அந்த ஒரு வரி பாதி வேலையை முடிக்கும்.

பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பவர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்கவேண்டாம். பாகத்தில் உங்கள் முத்திரை இருந்தால் கேள்வி உங்களுக்கும் வரும். டெலிவரி சலான் எண்ணை லாட் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள், போதும்.

மாங்கூழுக்கு இது ஏற்கனவே பழக்கம். 3.1 கிலோ டின்னிலும் 215 கிலோ டிரம்மிலும் பேட்ச் எண் இருந்தே ஆகவேண்டும். 20 அடி கன்டெய்னரில் 80 டிரம் ஏற்றினால் எந்த பேட்ச் எந்த கன்டெய்னர் என்பதை மட்டும் கூடுதலாக எழுதுங்கள்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது? ஸ்கோமெட் ஏற்றுமதிக்கு 5 ஆண்டு. ஜி.எஸ்.டி. கணக்கு, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். கம்பெனி என்றால் 8 நிதியாண்டு. ஆயுதமும் பாகமும் பல வருடம் கழித்துத்தான் கையில் சிக்கும் என்பதால் இந்தப் பதிவேட்டை மட்டும் அழிக்காதீர்கள். பத்து வருட எக்செல் ஒரு பென் டிரைவின் மூலையில் அடங்கும்.

6. கப்பலும் பி.எல்.லும்

2016இல் எகிப்துக்கு அருகே ஜியே ஷுன் என்ற கப்பலை நிறுத்திச் சோதித்தார்கள். 2,300 டன் இரும்புத்தாதுக்கு அடியில் ஏறக்குறைய 30,000 வட கொரிய ராக்கெட் எறிகுண்டுகள். பி.எல்.லில் எழுதியிருந்தது என்ன தெரியுமா? தண்ணீருக்குள் ஓடும் பம்பின் பாகங்கள். நிபுணர் குழுவின் 2017 அறிக்கையில் இது விரிவாக இருக்கிறது. பம்ப் பாகம் என்று பொத்தாம்பொதுவாக எழுதிய பி.எல்.லைப் பார்த்தால் இன்றைக்கும் சிலருக்குப் புருவம் உயர்வது இதனால்தான். எனவே சரக்கு விவரத்தில் மாடலும் எச்.எஸ். குறியீடும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

கப்பலுக்குப் பெயர் மாறும், கொடி மாறும், ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் மாறாது. ஃபார்வர்டரிடம் பெயரோடு அந்த எண்ணையும் கேளுங்கள். ஏழு இலக்கம். போலியா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. முதல் ஆறு இலக்கத்தை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டவேண்டும். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கமாக இருக்கவேண்டும். 9074729 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 63 + 0 + 35 + 16 + 21 + 4 = 139. கடைசி இலக்கம் 9, சரி. இது எண் சரியான அமைப்பில் இருக்கிறதா என்று மட்டும்தான் காட்டும். அந்த எண்ணுக்கு உரிய கப்பல் எது என்பதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து ஃபீடர் கப்பல், கொழும்பில் பெரிய கப்பல் என்று மாறினால் இரண்டு எண்ணும் வேண்டும்.

'டு ஆர்டர்' பி.எல். (கையெழுத்திட்டு அடுத்தவருக்கு மாற்றக்கூடியது) கொடுத்தால் சரக்கின் உரிமை கடலிலேயே கைமாறலாம். வங்கி எல்.சி.க்கு (பணத்துக்கு வங்கி தரும் உத்தரவாதக் கடிதம்) அது தேவைப்படும்போது கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது நோட்டிஃபை பார்ட்டியின் முழு முகவரியைப் போடுங்கள், சரக்கு இறங்கியபின் அந்த நாட்டுச் சுங்கத்தின் இறக்குமதித் தாள் நகலை வாங்குங்கள். இறுதிப் பேமெண்டை இதோடு கட்டிவிட்டால் தானாக வரும். கப்பல் கிளம்பியபின் "பெறுபவர் பெயரை மாற்றிப் புது பி.எல். கொடுங்கள்" என்று கேட்டால், 3ஆம் படியை முதலிலிருந்து செய்யாமல் சம்மதிக்காதீர்கள்.

மாங்கூழ் ஆலைகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. யேமன் நம் கூழை வாங்கும் நாடு. உணவுக்குத் தடை இல்லை. ஆனால் ஹொதெய்தா, சலீஃப் போன்ற செங்கடல் துறைமுகங்களுக்குப் போகும் வணிகச் சரக்கு, ஜிபூட்டியிலிருந்து இயங்கும் ஐ.நா. சரிபார்ப்பு அமைப்பின் அனுமதி பெற்றுத்தான் இறங்கவேண்டும். விண்ணப்பம் போடுவது கப்பல் தரப்பு, கட்டணம் இல்லை, இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் கொடுக்கவேண்டியது நீங்கள். இன்வாய்ஸில் ஒரு எடை, பி.எல்.லில் ஒரு எடை என்றால் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கும், டெமரேஜ் (தாமதக் கட்டணம்) யார் தலையில் என்று அப்புறம் சண்டை. டிரம்மோடு சேர்த்த எடையா, கூழின் எடையா என்பதை இரண்டிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். சீசனில் இரவு பகல் ஆலை ஓடும்போது இதையெல்லாம் பார்க்க ஆள் இருக்காது. மார்ச், ஏப்ரலிலேயே பார்ட்டிகளைச் சோதித்து முடித்துவிடுங்கள்.

7. கடிதம் வந்தால்

முதலில் உண்மைக் கடிதமா என்று பாருங்கள். வழக்கமான பாதை: குழு நியூயார்க்கில் உள்ள இந்திய நிரந்தரத் தூதரகத்துக்கு எழுதும், அது வெளியுறவு அமைச்சகத்துக்கு, அங்கிருந்து உங்களுக்கு. நேரடியாக மின்னஞ்சல் வருவதும் உண்டு. அப்போது அனுப்பிய முகவரி ஐ.நா.வின் சொந்தத் தளப் பெயரில் முடிகிறதா, எந்தத் தீர்மானத்தின் கீழ் அமைந்த குழு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் கேட்டாலோ வங்கிக் கடவுச்சொல் கேட்டாலோ அது மோசடி. நேரடிக் கடிதம் என்றால் பதில் எழுதும் முன் வெளியுறவு அமைச்சகத்தின் ஐ.நா. அரசியல் பிரிவுக்கு நகலோடு தெரிவியுங்கள். ஸ்கோமெட் பொருள் என்றால் டி.ஜி.எஃப்.டி.க்கும்.

கடிதத்தில் கெடு தேதி இருக்கும். முதல் இரண்டு நாளுக்குள் "கிடைத்தது, பார்க்கிறோம், இன்ன தேதிக்குள் தருகிறோம்" என்று இரண்டு வரி அனுப்புங்கள். இதைச் செய்யாமல் ஆடிட்டர் வரட்டும், வக்கீல் வரட்டும் என்று இருந்தால், அறிக்கை அச்சுக்குப் போகும்போது "இந்த நிறுவனம் பதில் அளிக்கவில்லை" என்ற வரியோடு போகும். அந்த வரி இணையத்தில் நிற்கும். வங்கிகளின் சோதனை மென்பொருள் அதை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு எல்.சி.க்கும் விளக்கம் கேட்பார்கள்.

கடிதம் குற்றச்சாட்டு இல்லை. பெரும்பாலும் கேட்பது: படத்தில் இருப்பது உங்கள் தயாரிப்பா, எப்போது செய்தது, முதலில் யாருக்கு விற்றீர்கள், எப்படி அனுப்பினீர்கள், யார் பணம் கட்டினார்கள், இறுதிப் பயன்பாட்டுச் சான்று உண்டா. கேட்ட வரிசையிலேயே எண் போட்டுப் பதில் எழுதுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தாள் இணையுங்கள். 5ஆம் படியில் சொன்ன பதிவேடு இருந்தால் அது ஒரே ஃபில்டர்.

பாகம் போலி என்று தோன்றினால் "எங்களுடையது இல்லை" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். உங்கள் எழுத்து வடிவம் எப்படி இருக்கும், எண் எத்தனை இலக்கம், அந்த லாட் நீங்கள் செய்ததுதானா என்று காரணத்தோடு சொல்லுங்கள். குழுவுக்கு அது பெரிய உதவி, உங்களுக்கும் பாதுகாப்பு.

செய்யக்கூடாதவை இரண்டு. பழைய தேதி போட்டுப் புதுத் தாள் தயாரிக்காதீர்கள். குழு அதே கேள்வியை ஃபார்வர்டரிடமும் கப்பல் கம்பெனியிடமும் வங்கியிடமும் கேட்கும். நம்பகமான ஆதாரங்களோடு ஒத்துவராமல் எழுதக்கூடாது என்பது 2006இலேயே கவுன்சிலின் பணிக்குழு வகுத்துக் கொடுத்த நெறி. பொய்த் தாள் அந்த ஒப்பீட்டில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டாவது, வாங்கிய பார்ட்டிக்குப் போன் போட்டு "உன்னைப் பற்றிக் கேட்கிறார்கள்" என்று சொல்லாதீர்கள். அவருடைய தாள்களெல்லாம் அன்றைக்கே மாறிவிடும்.

விலைப்பட்டியல், வங்கிக் கணக்கு எண், டிராயிங் போன்றவற்றைத் தனி இணைப்பாக வைத்து "ரகசியம், வெளியிடவேண்டாம்" என்று மேலே எழுதுங்கள். அறிக்கையில் ரகசிய இணைப்பு வைக்க வழி உண்டு. கேட்காவிட்டால் யாரும் வைக்கமாட்டார்கள்.

உங்களைப் பற்றிப் பாதகமாக எழுதப்போகிறார்கள் என்றால், எழுதும் முன் உங்கள் விளக்கத்தைக் கேட்பதும் அந்த 2006 நெறியில் அடக்கம். அந்த வாய்ப்பு வந்தால் தவறவிடாதீர்கள். குழு யாரையும் தடைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. சேர்ப்பது கவுன்சிலின் 15 நாடுகளும் உட்கார்ந்திருக்கும் தடைக் குழு.

8. நேரமும் செலவும்

பட்டியல் தேடல், ஸ்கோமெட் பட்டியல், யேமன் அனுமதி எல்லாம் இலவசம். ஐ.இ.சி. 500 ரூபாய், வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பித்து உறுதி செய்யவேண்டும், மறந்தால் முடங்கிவிடும். செலவு விழுவது மார்க்கிங் இயந்திரத்திலும் பதிவேடு ஏற்றும் ஆளின் நேரத்திலும்தான். சின்னப் பட்டறை என்றால் மார்க்கிங்கை வெளியே கொடுத்து அடித்து வாங்கலாம்.

ஸ்கோமெட் உரிமத்துக்கு டெல்லியில் பல அமைச்சகங்கள் சேர்ந்த குழு கூடிப் பேசி முடிவெடுக்கும். சான்றில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் திருப்பிக் கேட்பார்கள், அடுத்த கூட்டம்வரை காத்திருக்கவேண்டும். கொட்டேஷனில் டெலிவரி தேதி எழுதும்போது மூன்று மாதம் இதற்கென்று ஒதுக்குங்கள். "உரிமம் கிடைத்த தேதியிலிருந்து இத்தனை வாரம்" என்று எழுதினால் இன்னும் நல்லது. அட்வான்ஸ் வாங்கிவிட்டு உரிமம் வராவிட்டால் திருப்பித் தரும் விதியையும் ஆர்டரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்ப வங்கி முதலில் கேட்கும் தாள் அதுதான்.